புழு தின்ற இலை

ஆனைச்சோலை எஸ்டேட்டு,
18-2-1928

அன்புள்ள கைருன்னிசாவுக்கு உன் மச்சான் பரீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தம்பி மொய்தீனும் கை கால் சுகத்தோடு மலையேறி வந்து சேர்ந்தோம். கோவிந்தாபுரத்தில் நீயும் ஐசும்மா மாமியும் சுகமா? மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உடுமலையிலிருந்து மறையூர் வரை வண்டி, அதற்கு மேல் நடை. மூட்டைகளைக் கழுதைகள் சுமந்தன. மொய்தீனின் முணுமுணுப்பை நான் சுமந்தேன். கூலிக்காரர்களின் லயத்துக்கும் தேயிலை ஆபீசுக்கும் நடுவில் நம் கடை. அரிசி, மிளகாய், கருவாடு, புகையிலை எல்லாம் அடுக்கியாயிற்று. பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்கிறவரின் குரல் மட்டும்தான் வருகிறது, ஆள் தெரிவதில்லை. சாமான் கேட்கிற குரலுக்கு நான் நிறுத்துப் போடுகிறேன்.

சாமான் மடிக்கும் தாளில் ஓர் இலை வரைந்து இதற்குள் வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஓடையோரம் நிற்கிற செடி, பெயர் தெரியாது. இலையில் மூன்று ஓட்டை இருக்கும். "நல்ல எலையாப் பாத்து வரையக் கூடாதா மச்சான்?" என்று மொய்தீன் கேட்டான். அந்த இலை அப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்யட்டும்? புழு தின்ற ஓட்டையை வரைவேன், புழுவை வரையமாட்டேன். உயிருள்ளதை உருவாக்குவது படைத்தவன் வேலை, அதில் நமக்குப் பங்கு வேண்டாம்.

மருதாணியில் எத்தனை நாளைக்குத்தான் பிறையும் புள்ளியும் போடுவது என்று அலுத்துக்கொண்டாயே. இதை வைத்துப் பார். நீ ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே தமிழை எழுதியிருக்கிறேன். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

உன் துஆவை நாடும்,
பரீது

*

கோவிந்தாபுரம்,
4-3-1928

மரியாதைக்குரிய மச்சானுக்கு உங்கள் கைருன்னிசா ஸலாம் கூறி எழுதுவது. இங்கே யாவரும் சுகம். அம்மாவின் முழங்காலும் சுகம். வலிப்பதாகச் சொல்லி என்னை அதட்ட மட்டும் அதை வைத்திருக்கிறாள். உங்கள் இருவர் உடம்பையும் அல்லாஹ் காப்பானாக.

இலை வந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் பலாப்பிசினைச் சிரட்டையில் உருக்கி, தென்னை ஈர்க்கால் தொட்டுத் தொட்டு என் இடது உள்ளங்கையில் அந்த இலையைப் போட்டேன். மூன்று ஓட்டையையும் விடவில்லை. மேலே மருதாணியை அப்பிக் காயவிட்டு, விடிந்ததும் பிசினை உரித்தேன். கை முழுக்கச் சிவப்பு, நடுவில் இலை மட்டும் வெள்ளையாக நின்றது. சிவப்பு நான் பூசியது, இலை நான் பூசாமல் விட்டது. இதுவரை எத்தனையோ கைக்குப் போட்டிருக்கிறேன், இது ஒன்றுதான் உயிரோடிருப்பது போல் இருந்தது. நீங்கள் பார்க்கவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இரண்டு மாதமாகத் தப்பியிருக்கிறது. அம்மா நோன்பு வைக்க விடமாட்டேன் என்கிறாள். முந்தின இரண்டையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். இலை வரைந்து அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
கைருன்னிசா

*

ஆனைச்சோலை,
25-3-1928

என் கைருவுக்கு ஸலாம். சுகம், சுகமே விளைக. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு, மிளகாய் கேட்டவருக்குச் சீரகம் கட்டிக் கொடுத்தேன்.

நீ சொன்னபடி அதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் தினமும் ஐந்து வேளையும் கேட்கிறேன்.

பெருநாள் தொழுகைக்கு இந்த மலையில் எங்களோடு சேர்த்து ஏழு பேர். தொழுது முடித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். பிறகு அவரவர் வழியில் பனிக்குள் போய்விட்டார்கள். சேமியா காய்ச்சினேன். நீ இல்லாத பெருநாள் எனக்குப் பெருநாளாகவே இல்லை.

மாரித்தாய் என்று ஒரு அம்மாள், கொழுந்து பறிக்கிறவள், தெற்கத்தி ஊர். நான் இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தாள். இப்போது மடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். "இந்தாங்க ராவுத்தரே, இதையும் எழுதுங்க. ஓட்டை வேணுமின்னு கேப்பீகளே, இதுல ஏழு கெடக்கு" என்றாள். அவளுக்கு வரைவதும் எழுத்துதான்.

ஓர் இலையை நன்றாகப் பார்த்து முடிப்பதற்கே எனக்கு அரை மணி ஆகிறது, பிறகுதான் பென்சில். துரை பங்களாவைச் சுற்றிக் காபிச் செடி இருக்கிறது. இரண்டு மழை விழுந்ததும் மொத்தமாகப் பூத்தது. மூன்றாம் நாள் வாடிக் கறுத்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான் பூக்குமாம். அந்த மூன்று நாளும் மொய்தீன்தான் கடை பார்த்தான். பூவை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், பின்னால் அனுப்புகிறேன். இப்போதைக்கு மாரித்தாயின் ஏழு ஓட்டை இலை.

உன் பரீது

*

கோவிந்தாபுரம்,
8-4-1928

மச்சானுக்கு ஸலாம். நானும் என்னோடிருப்பதும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஏழு ஓட்டை இலைக்குக் கொல்லங்கோட்டில் பெரிய சண்டையே நடந்தது. கல்யாண வீடு. பெண்ணின் இரண்டு கையிலும் உங்கள் இலையைப் போட்டேன். காலையில் உரித்ததும் அவள் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, என்ற புள்ளைக்கு ஓட்டை எலையா கெடைச்சுது? பூச்சி அரிச்ச கையோட எப்படிப் பந்தல்ல போய் உக்காருவா?" என்று ஒரே கூச்சல்.

எனக்கும் கோபம் வந்தது. "ஓட்டை இல்லாத எலை எந்த மரத்துல இருக்குதுன்னு காட்டுங்க, அதைப் போட்டுத் தர்றேன்" என்றேன். வாசலுக்குப் போய் முருங்கை, வேம்பு, பலா எல்லாம் பறித்து வந்து புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் ஓட்டை, ஒன்றில் கிழிசல், ஒன்றில் கரும்புள்ளி. கடைசியில் கல்யாணப் பெண்தான், "இருக்கட்டும்மா, எனக்குப் புடிச்சிருக்குது" என்றாள். அதற்குப் பிறகு நாலு வீட்டிலிருந்து அதே இலை கேட்டு ஆள் வந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை. அம்மாவிடம் சொன்னால், வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு ஊர்ச் சண்டை எதற்கு என்கிறாள். கண்ணை மூடினால் நீங்கள் இலையை உற்றுப் பார்க்கும் முகம்தான் தெரிகிறது. என்னை நீங்கள் அத்தனை நேரம் பார்த்ததில்லை, அது ஒரு குறைதான்.

கைருன்னிசா

*

ஆனைச்சோலை,
24-4-1928

கைருவுக்கு ஸலாம். சுகம் என்று எழுதினால் பொய்யாகும், சுகமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய். கொஞ்சம் குளிர்காய்ச்சல். இங்கே யாருக்கு வராமல் இருக்கிறது? கொயினா மருந்து தின்கிறேன். கசப்பில் நாக்குச் செத்துவிட்டது, மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

இந்த இலையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கை நடுங்குகிறது. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் நான் பார்த்தது, அந்தப் பக்கத்தை நீ முடித்துக்கொள்.

உன்னை அரை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வந்ததும் முதல் வேலை அதுதான்.

பரீது

*

ஆனைச்சோலை,
6-5-1928

அம்மாவுக்கு மொய்தீன் எழுதுவது. கழுதைக்கார மாரப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா பக்கத்தில் இருந்தால் இதைப் பிரிக்காதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மா, மச்சான் மவுத்தாகிவிட்டார். நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின். எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. பெருநாள் தொழுத அதே ஆட்கள் வந்து ஜனாஸாத் தொழுதோம். ஓடைக்கு மேலே அடக்கினோம்.

கடைசி நாள் அவருக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பொறக்குற வரைக்கும் கைருகிட்டச் சொல்லாதே. சொன்னா இதுவும் தங்காது" என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். உங்களுக்கே தெரியும், முதல் பிள்ளை அத்தா இறந்த சேதி கேட்டுப் போனது. இரண்டாவது, மச்சானின் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று எவனோ சொன்ன பொய்யில் போனது. அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆகவே அம்மா, அழுகையை அடக்கிக்கொள்ளுங்கள். கடிதமும் படமும் நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி வரைக்கும்தானே.

இங்கே எனக்கு யாருமில்லை அம்மா. பனிக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் மச்சான் என்றே நினைத்துத் திரும்புகிறேன்.

மொய்தீன்

*

ஆனைச்சோலை,
20-5-1928

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மொய்தீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் எழுதவும்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று யோசிக்காதே. மச்சானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அரிசி மூட்டையை இறக்கும்போது வலது மணிக்கட்டுப் பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, எதற்கும் கவலைப்படாதே என்று சொல்கிறார்.

கை இப்படியானாலும் படம் வரைவதை விடவில்லை. இத்துடன் உள்ள காபிப் பூ நேற்றுத்தான் பூத்தது, செடியருகே உட்கார்ந்து இடக்கையால் வரைந்தார்.

வேறு விசேஷமில்லை.

மொய்தீன்

*

கோவிந்தாபுரம்,
17-6-1928

தம்பி மொய்தீனுக்கு அக்கா ஸலாம் கூறி எழுதுவது. நீ சுகமா? உனக்குத் தடுமன் பிடித்தால் லேசில் விடாது, மார்பை மூடிக்கொண்டு படு. மணிக்கட்டு ஆறும் வரை இனி உன் பேருக்கே எழுதுகிறேன்.

காபிப் பூ வந்தது. வலது கையைவிட இடது கை திருத்தமாக வரைகிறது. நேற்றுப் பூத்தது என்று எழுதியிருந்தாய். சரி.

இங்கே மழை தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை அம்மா நெய்ச்சோறு ஆக்கி, லெப்பையை வரவழைத்து ஓதச் சொல்லி, பள்ளிவாசலுக்கும் கொடுத்தனுப்பினாள். என்ன நேர்ச்சை என்று கேட்டேன். "ஒனக்காகத்தாண்டி" என்றாள். வியாழன் இரவில் ஓதுவார்கள், வெள்ளியில் ஓதுவார்கள். செவ்வாய்க்கிழமையில் நம் வீட்டில் ஓதி நான் பார்த்ததில்லை. சோற்றில் உப்பு இல்லை. அம்மா அப்படி ஆக்குகிறவள் அல்ல.

மருதாணி வாசம் எனக்குக் குமட்டுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பூ வைத்தாலும் தலை வலிக்கிறது, அதனால் வைப்பதில்லை. வாசற்படி தாண்டுவதில்லை. கர்ப்பக்காரிக்கு இதெல்லாம் சகஜம்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

வேறொன்றும் கேட்பதற்கில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஆனைச்சோலை,
22-7-1928

அக்காவுக்கு ஸலாம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மறையூர்ப் பாதையில் மண் சரிந்து தபால் நின்றுவிட்டதால் பதில் தாமதம். நாங்கள் சுகம். மச்சான் கை தேறி வருகிறது, ஆனால் பென்சில் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரசர் சொல்கிறார்.

இடக்கையால் வரைந்த இலை ஒன்று வைத்திருக்கிறேன். பழக்கமில்லாத கை, கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இங்கே விடாத மழை. கடைக்கு ஆள் வருவது குறைவு. நாள் முழுக்க ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கிறோம்.

மொய்தீன்

*

கோவிந்தாபுரம்,
14-8-1928

தம்பிக்கு ஸலாம். நானும் அம்மாவும் சுகம். வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறது.

இலை வந்தது. முழு இலை. ஓர் ஓட்டை இல்லை, ஓரத்தில் ஒரு கிழிசல் இல்லை, இரண்டு பக்க நரம்பும் எண்ணி வைத்தாற்போல் ஒன்பது ஒன்பது. ஆனைச்சோலைப் புழுக்களெல்லாம் நோன்பு பிடிக்கின்றனவா?

இது செடியைப் பார்த்து வரைந்ததல்ல, இலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வரைந்தது. இடக்கையால் வரைகிறவரிடம் சொல். கை எதுவானாலும் பரவாயில்லை, கோணலானாலும் பரவாயில்லை. முதலில் ஒரு செடியின் முன்னால் போய் உட்காரச் சொல். அரை மணி நேரம் பார்க்கச் சொல். எது இருக்கிறதோ அதை வரையச் சொல், இல்லாததை வரைய வேண்டாம்.

அம்மா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கூரையைப் பார்த்துப் பேசுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு ஊரில் இருப்பதைப் போல இருக்கிறது. நீயும் அங்கே தனியாக இருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஆனைச்சோலை,
18-9-1928

அக்காவுக்கு ஸலாம். சுகம். உன் நாள் நெருங்கிவிட்டது. அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக.

நீ சொன்னதைச் சொன்னேன். நீ எழுதிய அதே வார்த்தையை மாரித்தாயும் இங்கே சொல்லிவிட்டாள். நான் கடையில் உட்கார்ந்து தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தாள். "என்ன ராவுத்தரே, பாக்காமலே எழுதுறீக? அவுக பாத்துட்டுல்ல எழுதுவாக" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆமாம் அக்கா, போன படத்தை வரைந்தவன் நான்தான். மச்சானுக்கு இன்னும் கை வரவில்லை. அதை மறைத்தது தப்பு.

இந்த முறை போய் உட்கார்ந்தேன். மச்சானுக்குப் பிடித்த இடம், ஓடைக்கு மேலே. மழை விட்டபின் அங்கே ஒரு பெரணிச் செடி முளைத்திருக்கிறது. நாலு நாள் தினமும் போய்ப் பார்த்தேன். சுருண்டிருந்த நுனி நாலு நாளில் பாதி விரிந்தது. ஒரு கிளையைப் பூச்சி தின்றிருக்கிறது, இன்னொன்று ஒடிந்து தொங்குகிறது. எல்லாவற்றையும் வரைந்திருக்கிறேன். பார்க்கத் தொடங்கினால் இத்தனை இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. மச்சான் ஏன் கடையை என்னிடம் விட்டுவிட்டுச் செடியின் முன்னால் போய் உட்கார்ந்தார் என்று இப்போது தெரிகிறது.

மொய்தீன்

*

கோவிந்தாபுரம்,
2-11-1928

அன்புத் தம்பி மொய்தீனுக்கு அக்கா கைருன்னிசா ஸலாம் கூறி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை விடியற்காலை, ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பேர் வைத்தோம். லெப்பை பிள்ளையின் காதருகே குனிந்து, என்ன பேர் என்று கேட்டார். அம்மா அத்தாவின் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "பரீது" என்றேன்.

புருஷன் உயிரோடிருக்கும்போது எவளும் பிள்ளைக்கு அவன் பேரை வைக்கமாட்டாள். அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ஒனக்கு எப்பிடிடீ தெரியும்?" என்றாள். ஐந்து மாதமாக அடக்கி வைத்ததை அன்றைக்கு அழுது தீர்த்தாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

உனக்கும் சொல்கிறேன். காபிப் பூ மூன்று நாளில் வாடிவிடும், இனி அடுத்த வருஷம்தான் என்று பங்குனியிலேயே அவர் எழுதியிருந்தார். நீ அதை வைகாசியில் நேற்றுப் பூத்தது என்றாய். அப்போதே அவருடைய பழைய கடிதத்தை எடுத்துத் தேதி பார்த்தேன். பிறகு அம்மா செவ்வாய்க்கிழமையில் சோறு ஆக்கினாள். பாவம், மருமகனின் நாற்பதாம் நாள் பாத்திஹாவை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. நான் விரல் விட்டு நாற்பது நாள் பின்னால் எண்ணினேன். வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல நாளில் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்க விடாமல் உள்ளே பிள்ளை புரண்டது.

அன்றிலிருந்து நான் இத்தா இருந்தேன். புருஷனை இழந்தவள் பூ, மருதாணி, வாசனை எல்லாவற்றையும் விட்டு, வீட்டோடு இருந்து துக்கம் காக்க வேண்டுமே, அதை மசக்கை என்று சொல்லிக் காத்தேன். பிள்ளையைச் சுமப்பவளுக்கு அது பிரசவத்தோடு முடிந்துவிடும். நீங்கள் நினைத்தபடி பிள்ளை பிறந்த பிறகு சொல்லியிருந்தால், அவருக்காகத் துக்கம் இருக்க எனக்கு ஒரு நாள்கூட மிச்சம் இருந்திருக்காது. நீயும் அம்மாவும் அவரும், மூன்று பேருமே இதை யோசிக்கவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் இருக்கிறது. பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போவார்களே, அது எனக்கு நடக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று சொன்னால் அம்மா தாங்கமாட்டாள், நீயும் அந்தக் காட்டில் தனியாக உடைந்துபோவாய். அதனால் நானும் மறைத்தேன். வாய்விட்டு அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று அழுகையைத் தள்ளித் தள்ளி வைத்தேன். கெட்ட சேதி கேட்டால் பிள்ளை தங்காது என்று அம்மாவுக்கு எழுதினாயாமே. தெரிந்துதான் தம்பி, இந்தப் பிள்ளை தங்கியது.

அவர் பாதியில் விட்ட இலை என்னிடம் இருக்கிறது. மீதியை முடித்துக்கொள் என்றார். தினமும் எடுத்துப் பார்க்கிறேன், முடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லை, பார்க்காததை எப்படி வரைவது? பிள்ளை பெற்ற நாற்பது கழிந்து குளித்ததும் அந்தப் பாதி இலையைப் பாதியாகவே என் இடது கையில் போட்டுக்கொள்வேன்.

இனி உன் பெரணி. அவருடைய படங்களோடு சேர்த்து வைக்கத் தகுந்தது. தின்ற கிளையும் ஒடிந்த கிளையும் அப்படியே இருக்கின்றன. இடது ஓரத்தில், செடியின் அடியில், ஒரு கல்லின் முனை தெரிகிறது. மேல்பக்கம் உளியால் வளைத்தது. ஓடைக்கல் அப்படி இருக்காது. பார்த்ததை வரைந்துகொண்டே வந்தவன் அவர் கபுரின் தலைமாட்டில் நட்ட அந்த மீஸான் கல்லருகே வந்ததும் பயந்து நிறுத்தியிருக்கிறாய்.

பயப்படாதே. நாளைக்கே போய் அதே இடத்தில் உட்கார். கல்லை முழுதாக வரை. பாசி பிடித்திருந்தால் பாசியை வரை, விரிசல் இருந்தால் விரிசலை வரை. எதையும் விடாமல் வரைந்து எனக்கு அனுப்பு.

வஸ்ஸலாம்.

பரீதின் தாய்,
கைருன்னிசா